அடைப்பத்துக் கத்தி: விலையும் மதிப்பும்

நாஞ்சில் நாடு என வழங்குவது தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களும் சேர்ந்த நிலப்பகுதியாகும். திருவிதாங்கூர் அரசின்கீழ் நெடுங்காலம் இருந்த இப்பகுதி, 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. தோவாளை என்றவுடன் பலர்க்கும் நினைவிற்கு வருவது அதன் பூச்சந்தையே. ஆயினும், மணவீட்டிற்கும் பிணவீட்டிற்கும் பூவோடு உடன்சென்ற பிறிதொன்றும் உண்டு. அது நாவிதரின் அடைப்பம். பிறப்பு, மணம், இறப்பு என்னும் மூன்றிலும் குடிமகன் இன்றி ஊர்ச் சடங்கு நிறைவெய்தியதில்லை. அவ்வடைப்பத்தில் இருந்த மடக்குச் சவரக்கத்தியை ஒரு வரலாற்றுச் சான்றாகக் கொண்டு, அதனை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி இன்று வேண்டப்படுவது ஏன்? உடைத்துச் செருகும் பிளேடு வந்தபின் பழைய கத்தி தொழிலினின்றும் நீங்கிற்று. பரணில் கிடக்கும் கத்திகளை ஒருசாரார் பழைய இரும்பென எடைக்குப் போடுகின்றனர். மற்றொரு சாரார் பழம்பொருள் தேடுவார்க்கு விற்கின்றனர். முன்னையதில் பொருள் அழிகின்றது. பின்னையதில் பொருள் எஞ்சினும் அதன் வரலாறு அழிகின்றது. ஆகவே வாங்குவார், விற்பார், ஆராய்வார் ஆகிய மூவரும் அறிதற்குரிய சில உண்மைகளை ஈண்டுத் தொகுத்துரைப்பாம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். அடைப்பை என்பது வெற்றிலைப் பை. அடைப்பம் என்பது நாவிதரின் கருவிப் பை. ஒலியால் நெருங்கிய இவ்விரண்டும் வழக்கில் வேறுபட்டன. மயிர் குறைக்கும் தொழில் தமிழகத்திற்குப் புதிதன்று. பொருநராற்றுப்படையை இயற்றிய முடத்தாமக்கண்ணியார், பாடினியின் காதிற்குக் கத்தரிகையின் பிடியை உவமை கூறினார். அழகிய உறுப்பிற்கு உவமையாகத்தக்க செப்பத்தோடு அக்கருவி அந்நாளில் செய்யப்பட்டிருந்தது என்பது இதனாற் புலனாகும். திருவள்ளுவர் கூடாவொழுக்கத்தைக் கடியும் இடத்தில் மழித்தலைக் குறிப்பிட்டார். மழித்தற்குக் கூரிய வாய் வேண்டும். கூரிய வாய்க்கு நல்ல உருக்கு வேண்டும்.

உருக்கின் வரலாறோ நம் நாட்டிலேயே தொடங்குவது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள் பண்டைய இரும்புத் தொழிலின் உலைகளை வெளிப்படுத்தின. தென்னிந்திய உருக்கினை ஐரோப்பியர் ‘ஊட்சு’ என்றனர். அப்பெயர் கன்னடத்து ‘உக்கு’ என்பதன் திரிபு என்பர்; தமிழின் ‘உருக்கு’ என்பதோடு அஃது உறவுடையது. இவ்வுருக்கின் மாதிரிகள் பம்பாயிலிருந்து இலண்டன் அரச கழகத்திற்குச் சென்றன. 1795-இல் பியர்சன் என்பார் அவற்றை ஆராய்ந்து கட்டுரை படித்தார். ஸ்டோடார்ட் என்னும் இலண்டன் கருவிசெய்வார் அதனைக் கொண்டு வெட்டுங் கருவிகள் செய்து, அதன் தரத்தைப் பாராட்டினார். பின்னர் அவரும் மைக்கேல் பாரடேயும் கூடி, 1820-லும் 1822-லும் உருக்குக் கலவைகள் பற்றிய ஆராய்ச்சிகளை வெளியிட்டனர். வெள்ளியைச் சிறிதளவு கலந்த உருக்கும் அவற்றுள் ஒன்று. அதன்பின் ‘சில்வர் ஸ்டீல்’ என்னும் எழுத்துப் பொறித்த சவரக்கத்திகள் ஷெபீல்டு நகரினின்றும் மிகுதியாக வெளிவந்தன. அவ்வெழுத்து இருப்பதனாலேயே அக்கத்தியில் வெள்ளி உண்டெனத் துணிதல் கூடாது. அது பெரிதும் வணிகப் பெயராகவே நின்றது. ஆயினும், தென்னாட்டு உருக்கினால் தூண்டப்பட்ட ஓர் ஆராய்ச்சியின் பெயரைத் தாங்கிய கத்தி ஆரல்வாய்மொழிக் கணவாயின் அருகே ஓர் அடைப்பத்தில் காணப்படுமாயின், அது வியத்தற்குரிய மீட்சியேயாம்.

இனி, காலத்தைத் துணியும் வழியைக் காண்போம். அலகிற்கும் பிடிக்கும் இடைப்பட்ட காம்பிலேயே முத்திரை இருக்கும். முடியுருவோடு ‘ஜி.ஆர்.’ என்றிருப்பின் ஜார்ஜ் மன்னர் காலத்தது. அஃதாவது பெரும்பாலும் 1830-க்கு முற்பட்டது. ‘டபிள்யூ.ஆர்.’ என்பது 1830 முதல் 1837 வரையும், ‘வி.ஆர்.’ என்பது 1837 முதல் 1901 வரையும் ஆகும். இருபதாம் நூற்றாண்டிலும் ஜார்ஜ் என்னும் பெயருடைய மன்னர் இருந்தமையின், ‘ஜி.ஆர்.’ என்பதை மட்டும் கொண்டு முடிவு செய்தல் பிழையாகும். அலகின் வடிவையும் உடன்நோக்குதல் வேண்டும். பழைய அலகு ஆப்புப்போல் தடித்திருக்கும். இருபுறமும் ஆழக் குழிவாகத் தேய்த்த மெல்லலகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருகியது. 1887-இல் பிரிட்டனிலும் 1889-இல் இந்தியாவிலும் வணிகக் குறிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பொருளின் பிறப்பிடத்தைப் பொய்யாகக் காட்டுதல் அவற்றால் தடுக்கப்பட்டது. ஆதலின் செர்மனியில் செய்யப்பட்டது என்னும் குறிப்புடைய கத்தி பெரும்பாலும் அவற்றிற்குப் பிற்பட்டதே. ஷெபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்திற்கு விண்மீனும் மால்ட்டா சிலுவையும், சோலிங்கனின் ஹெங்கல்ஸ் நிறுவனத்திற்கு இரட்டையர் உருவும் குறிகளாம். புகழ்பெற்ற குறியைப் போலியாகப் பொறித்தலும் அந்நாளில் நிகழ்ந்தமையின், எழுத்தின் ஆழமும் ஒழுங்கும் நோக்கற்பாலன.

மூன்றாவதாக, அலகின் நிலை. சவரக்கத்தியைத் தீட்டுங்கால் அதன் முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படிதல் வேண்டும். முதுகே கோணத்தைக் காக்கும் அளவுகோல். அலகின் அகலம் 16 மில்லிமீட்டரும் முதுகின் தடிப்பு 5 மில்லிமீட்டரும் ஆயின், வாயின் கோணம் ஏறத்தாழ 18 பாகையாகும். முறையாகத் தீட்டி வந்தால் இரண்டும் ஒருங்கு தேய்ந்து கோணம் பெரிதும் மாறாது நிற்கும். சாணைச் சக்கரத்தில் வாயை மட்டும் தேய்த்து, அகலம் 13 மில்லிமீட்டராகக் குறையுமாயின், கோணம் 22 பாகையளவாக உயரும்; அக்கத்தி முகத்தை வருத்தும். எனவே முதுகில் காணும் சீரான தேய்வு குறையன்று. அது கற்றவர் கையில் இருந்தமைக்குச் சான்று. முதுகு புதிதாய் இருக்க வாய் மட்டும் குறுகியிருத்தலே ஐயத்திற்குரியது. வாயின் நடுப்பகுதி உட்குழிந்திருப்பதும் தீட்டலின் பிழையைக் காட்டும். அலகின் உடலில் உள்ள துருப்புள்ளியினும் வாயை ஒட்டிய சிறுபுள்ளி கேடு மிக்கது. தீட்டும்போது ஆங்கே வாய் உதிரும். நகத்தால் மெல்லத் தட்டினால் மெல்லலகு தெளிவாக ஒலிக்கும். ஒலி மழுங்கினால் வெடிப்பு உளதோ என வெளிச்சத்தில் நோக்குதல் வேண்டும்.

நான்காவதாக, பிடி. கொம்பு, எலும்பு, தந்தம், ஆமையோடு, செல்லுலாய்டு எனப் பலவகைப் பிடிகள் உண்டு. தந்தத்தின் வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய வளைகோடுகள் தோன்றும். எலும்பில் கரிய நுண்துளைகள் காணப்படும். செல்லுலாய்டைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கற்பூர மணம் எழும். அது கற்பூரம் சேர்த்துச் செய்யப்பட்டது. நாள்பட்டுச் சிதையுங்கால் வெளிவரும் ஆவி அலகையே துருவேற்றும். அத்தகைய பிடியுடைய கத்தியைப் பிற கத்திகளோடு ஒரு பெட்டியில் வைத்தல் தகாது. தந்தப்பிடி விலையை உயர்த்தும் என்பது மேலைநாட்டார் நூல்களிற் காணும் கருத்து. நம் நாட்டிலோ, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தந்த வாணிகத்தைத் தடுத்துள்ளன. ஆகவே தந்தப்பிடிக் கத்தியை இங்கு விலைபேசுதலே குற்றமாம். நூறாண்டு கடந்த பொருளை நாட்டினின்றும் வெளியே கொண்டுசெல்லுதற்கும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தடை விதிக்கின்றது.

இதுகாறும் கூறியவை விலைக்குரிய அளவைகள். மதிப்பிற்குரிய அளவை வேறு. முத்திரையுடைய ஷெபீல்டுக் கத்தியே உயர்ந்தது, முத்திரையில்லாதது கழிவு என்பர் சிலர். இக்கூற்று வாங்குவார்க்குப் பொருந்தலாம், வரலாற்றிற்குப் பொருந்தாது. ஷெபீல்டுக் கத்தி உலகெங்கும் உண்டு. அதன் ஒப்புமைகளைக் காட்சிச்சாலைகளிற் காணலாம். முத்திரையற்ற கத்தியோ உள்ளூர்க் கொல்லர் வடித்ததாயின், அதற்கு ஒப்புமை வேறெங்கும் இராது. அதனோடு தீட்டுக்கல்லும், தோல்வாரும், கிண்ணியும், நகம் களையும் உளியும் ஒரே அடைப்பத்தில் எஞ்சியிருக்குமாயின், அத்தொகுதி ஓர் ஓலைச்சுவடிக்கு நிகராம். சுவடியினின்றும் ஓர் ஏட்டை உருவி விற்பாரை நாம் இகழ்கின்றோம். அடைப்பத்தினின்றும் கத்தியை மட்டும் பிரித்து வாங்குவாரும் அதனையே செய்கின்றனர்.

பளபளப்பாக்கும் வழக்கமும் இத்தகைய கேடே. சக்கரத்தில் இட்டு மெருகேற்றுங்கால் முத்திரையின் எழுத்து மங்கும். முதுகின் தேய்வு மறையும். விலை சிறிது உயரலாம். சான்றோ முற்றும் கெடும். எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து உலர வைத்தலே அமையும்.

இக்கருவியாளரின் நிலையையும் ஈண்டு எண்ணுதல் கடன். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலின் முதற்பகுதியில், அம்பட்டர் அறுவை மருத்துவம் செய்தமையும் அவர்தம் பெண்டிர் மகப்பேறு பார்த்தமையும் குறிக்கப்பட்டுள்ளன. மருத்துவர் என்னும் பெயர் அவர்க்கு வழங்குதல் காரணம் பற்றியதே. ஊரார் தம் கழுத்தை அவர் கத்தியின்கீழ் அச்சமின்றி வைத்தனர். தம் மகவை அவர் மனைவியின் கையில் ஏந்தச் செய்தனர். ஆயினும் அவரைத் தம் வீட்டின் உள்ளே புகவிட்டாரல்லர். அவர் அறிந்த தீட்டல் நுட்பமும் மருத்துவமும் ஏட்டில் ஏறாமற்போனதற்கு இதுவே காரணம். எழுதப்படாத அவ்வறிவின் எச்சம் கத்தியின் தேய்ந்த முதுகில் இருக்கின்றது.

ஆதலின் யாம் வேண்டுவது இது. தோவாளையிலோ சூழவுள்ள ஊர்களிலோ ஓர் அடைப்பம் கிடைப்பின், விலைபேசுமுன் அதனைத் திறந்தவாறே படம் எடுக்க. அகலமும் தடிப்பும் அளந்து குறிக்க. எவ்வீட்டில் எத்தனை தலைமுறை பயின்றது என்பதை வீட்டார் வாய்ச்சொல்லாலேயே எழுதிக்கொள்க. விற்பதும் வைத்துக்கொள்வதும் அவர் உரிமை. விற்பாராயின் அடைப்பத்தோடு விற்கச் சொல்லுதலும், வாங்குவாராயின் அடைப்பத்தோடு வாங்கச் சொல்லுதலும் ஆராய்ச்சியாளர் செய்யத்தக்க குறைந்த அளவுக் கடமையாகும்.