ஃபாவா பீன்ஸ்: ஒரு பழம்பயிரின் வரலாறு

ஃபாவா பீன்ஸ் குளிர்காலத்தில் விளையும் பயறு. அவரையைப் போலக் கொடியாகப் படராமல், உள்ளே கூடான நாற்பட்டைத் தண்டுடன் ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் நிமிர்ந்து வளரும். வெள்ளைப் பூவின் சிறகிதழ்களில் கரும்புள்ளி இருக்கும். தடித்த காயை உரித்தால் பஞ்சு போன்ற மென்மையான உட்தோலில் பெரிய, தட்டையான விதைகள் பதிந்திருக்கும். அவற்றைப் பச்சையாகப் பறித்தும் சமைப்பார்கள். முற்றவிட்டுக் காயவைத்து ஆண்டு முழுவதும் பயன்படுத்துவதும் உண்டு.

இதன் தாயகம் மேற்கு ஆசியா. இஸ்ரேலின் கலிலேயா பகுதித் தொல்லியல் களங்களில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பயிரிடப்பட்ட விதைகள் கிடைத்துள்ளன. கார்மேல் மலையில் கிடைத்த கரிந்த காட்டு விதைகள் சுமார் 14,000 ஆண்டுப் பழமையானவை.

இப்பயிரை அன்றாட உணவாகவே ஆக்கிக்கொண்ட நாடு எகிப்து. அங்கு ‘ஃபூல் முதம்மஸ்’ ஏழைக்கும் செல்வருக்கும் பொதுவான காலைச் சிற்றுண்டி. கழுத்து குறுகிய பெரிய பானையில் காய்ந்த பயறும் நீரும் இட்டு, இரவெல்லாம் இளஞ்சூட்டில் வேகவிடுவார்கள். பழைய கெய்ரோவில் பொதுக் குளியலறை உலைகளின் கங்கே இதற்கு உதவியது. விடிந்ததும் குழைந்த பயறில் எண்ணெய், சீரகம், எலுமிச்சைச் சாறு சேர்த்து ரொட்டியோடு உண்பார்கள். ஊறவைத்த பயறைக் கீரை மூலிகைகளோடு அரைத்துப் பொரிப்பது ‘தஅமியா’. இறைச்சியும் பாலும் விலக்கும் நோன்பு நாள்களில் கோப்துக் கிறித்தவர்களுக்கு இவை பெருந்துணை.

இத்தனை பேரைக் காத்த பயறை அஞ்சியவர்களும் உண்டு. பித்தாகரஸ் தம் சீடர்களுக்கு இதை விலக்கினார் என்பது மரபு. காரணம் பலவாறாகச் சொல்லப்பட்டது. உரோமர் மே மாதத்து லெமூரியா விழாவில் ஆவிகளை அகற்றக் கருநிறப் பயறை நள்ளிரவில் வீசினர். சிலருக்கு இப்பயறு உண்மையிலேயே ஆபத்து. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்கள் இதைத் தின்றால், அதிலுள்ள விசின், கான்விசின் என்னும் பொருள்களால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, சோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். 1950களில்தான் இந்த நொதிக்குறை கண்டறியப்பட்டது. இக்குறை மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பதால், அந்நோய் பரவியிருந்த மத்தியதரைக் கடற்கரையில் மிகுதி. இப்பயறு அன்றாடம் உண்ணப்பட்டதும் அங்கேதான்.

இப்பயிரின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துவதால், இடைக்கால ஐரோப்பிய உழவர்கள் தானியத்துக்கு மாற்றாக இதை விதைத்து மண்ணைத் தேற்றினர். கொலம்பசுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்த பீன்ஸ் வகைகள் ஐரோப்பியச் சமையலறையில் இதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. கிழக்கே சீனா இதைத் தனதாக்கிக்கொண்டது. சிச்சுவானின் பிசியான் பகுதியில் மிளகாயோடு புளிக்கவைத்த ஃபாவா விழுது அம்மாநிலச் சமையலின் அடித்தளம். இன்று உலகில் இதை மிகுதியாக விளைவிக்கும் நாடுகளில் சீனாவே முதன்மையானது. எகிப்தோ தன் தேவையில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்துகொள்கிறது.