சோழமண்டல நாடுகளும் புவியியல் தகவல் முறைமையும்: கல்வெட்டிலிருந்து இணைய நிலப்படம் வரை

ஆய்வுச்சுருக்கம்

சோழர் கல்வெட்டுகள் ஓர் ஊரைச் சுட்டும்போது அவ்வூர் அடங்கிய நாட்டையும், பல இடங்களில் வளநாட்டையும் சேர்த்தே சுட்டுகின்றன. இச்செய்திகளை நிலப்படமாக்கும் முயற்சி கைவரைவில் தொடங்கி இணைய நிலப்படத்தை எட்டியுள்ளது. இதனால் சோழர் அரசமைப்பு ஆய்வு பெற்ற பயனையும் எதிர்கொள்ளும் இடரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நாடு, வளநாடு, கல்வெட்டு, புவியியல் தகவல் முறைமை, இணைய நிலப்படம்.

முன்னுரை

வரலாற்று நிலவியலின் முதன்மைச் சான்று ஊர்ப்பெயராகும். பெயர் மாறாது நிலைத்த ஊர்களை அளவைத் துறையின் நிலப்படங்களில் அடையாளம் காணலாம். இந்தியப் பெருமுக்கோண அளவைக்கு 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் அடிக்கோடு அளந்தார். அதன்வழி வளர்ந்த துல்லியமான நிலப்படங்களே பிற்கால ஆய்வாளர்க்கு அடித்தளமாயின.

கைவரைவு நிலை

எ. சுப்பராயலுவின் சோழநாட்டு அரசியல் நிலவியல் குறித்த ஆங்கில நூல் 1973இல் வெளிவந்தது. கல்வெட்டுகள் குறிக்கும் ஊர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தி, ஒரு நாட்டுக்குரிய ஊர்களை ஒன்றுசேர்த்து, அந்நாட்டின் பரப்பை அவர் உய்த்துணர்ந்தார். இம்முறையால் முதன்மையான உண்மை ஒன்று புலனாயிற்று. பல நாடுகள் ஆற்றின் இருகரையிலும் பரந்திருந்தன. முதலாம் இராசராசன் (கி.பி. 985–1014) காலத்தில் அமைந்த வளநாடுகளோ பெரும்பாலும் ஆறுகளையும் கால்களையும் எல்லையாகக் கொண்டிருந்தன. எனவே நாடு வேளாண் குடியிருப்புகளின் இயல்பான தொகுதி என்பதும், வளநாடு அரசு வகுத்த பிரிவு என்பதும் தெளிவாயின.

இம்முடிவின் விளைவு பெரிது. 1980இல் வெளிவந்த தம் நூலில் பர்ட்டன் ஸ்டெய்ன் நாட்டை உழவர் சமூகத்தின் தன்னாட்சி அலகாகக் கொண்டு, சோழப் பேரரசைக் கூறாக்க அரசு என விளக்கினார். வளநாட்டின் தோற்றத்தை வலியுறுத்துவோர் அதனை மைய ஆட்சியின் வலிமைக்குச் சான்றாக்குவர். ஆகவே நிலப்படத்தில் எல்லைக்கோடு விழும் இடம் அரசின் இயல்பு பற்றிய வாதத்தோடு பிணைந்ததாகும்.

கணினி நிலை

1960களில் கனடாவின் நிலவளக் கணக்கெடுப்பிற்காக ரோஜர் டாம்லின்சன் உருவாக்கிய அமைப்பே புவியியல் தகவல் முறைமையின் முன்னோடி எனப்படுகிறது. ஆறு, ஊர், நிலவகை ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வைத்து ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்துவது இதன் அடிப்படை. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், கட்டணமற்ற கியூஜிஐஎஸ் மென்பொருள் ஆகியன இதனைத் தனி ஆய்வாளரின் கைக்கும் கொண்டுவந்தன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தென்னிந்திய வரலாற்று நிலப்படத் திட்டம் இத்தொழில்நுட்பத்தை வரலாற்றுக்குப் பயன்படுத்தியதற்குத் தக்க சான்றாகும்.

இடர்களும் தீர்வும்

முதலாவது இடர் எல்லை பற்றியது. கல்வெட்டு தருவது ஊரின் பெயர். மென்பொருள் கேட்பது ஆயத்தொலைவு. அழிந்த ஊருக்கும் ஒரே பெயருடைய பல ஊர்களுக்கும் ஊகத்தால் இடம் குறிக்கும்போது, திரையில் அந்த ஊகமும் உறுதியும் ஒரே புள்ளியாகத் தோன்றுகின்றன.

இரண்டாவது இடர் அடிப்படம் பற்றியது. மேட்டூர்த் திட்டத்தின் பகுதியாக 20ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், இன்றைய அடிப்படத்தில் பழைய ஆறுகளைப் போலவே நீலக்கோடாகக் காட்சியளிக்கிறது. நீரோட்டத்தை வளநாட்டு எல்லையாகத் தேடும் மாணவர் இதனால் பிழைபட இடமுண்டு.

மூன்றாவது இடர் காலம் பற்றியது. வளநாட்டுப் பெயர்கள் அரசர்தம் விருதுப்பெயரோடு மாறின. பல நூற்றாண்டுச் செய்திகளை ஒரே படத்தில் இடுவது என்றும் இல்லாத ஒரு நாட்டைப் படைத்துவிடும்.

இவற்றுக்குத் தீர்வும் அம்முறைமையிலேயே உள்ளது. ஒவ்வோர் ஊர்ப்புள்ளியோடும் கல்வெட்டு எண், ஆட்சியாண்டு, அடையாளத்தின் உறுதிநிலை ஆகியவற்றைப் பண்பு அட்டவணையில் பதிதல் வேண்டும். ஊர்களைப் புள்ளிகளாகவும், உய்த்துணர்ந்த எல்லையைத் தனி அடுக்காகவும் வைத்தால், ஐயுறுவோர் எல்லையை நீக்கிச் சான்றை மட்டும் காண இயலும்.

முடிவுரை

கைவரைவில் ஆய்வாளரின் ஐயம் அடிக்குறிப்பில் இடம்பெற்றது. இணைய நிலப்படத்தில் அதற்குரிய இடம் பண்பு அட்டவணையே. அவ்விடம் வெறுமையாக விடப்படின், ஊகமாகப் பிறந்த கோடு அடுத்த ஆய்வாளர்க்குச் சான்றாகிவிடும். எனவே நிலப்படக் கல்வி மென்பொருட் பயிற்சியோடு அமையாது, கல்வெட்டுப் பயிற்சியோடு இணைந்து வழங்கப்படுதல் வேண்டும்.