கெட் அவுட், குவிட், வெளியேறு

ஒருத்தரைப் "போ" என்று சொல்ல இங்கிலீஷில் எத்தனை வழி இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டேன். கெட் அவுட், கெட் லாஸ்ட், பீட் இட், ஸ்க்ராம், பஸ் ஆஃப். ஷவ் ஆஃப் என்பது படகைக் கரையிலிருந்து தள்ளிவிடுவதில் இருந்து வந்தது. வமூஸ், ஸ்பானிய மொழியின் வாமோஸ். அங்கே அதற்கு "போகலாம் வாங்க" என்று அர்த்தம். அமெரிக்கர் வாயில் அது "ஓடிப்போ" ஆகிவிட்டது.

நம்மிடமும் குறைவில்லை. நடையைக் கட்டு, மூட்டையைக் கட்டு, எடத்தைக் காலி பண்ணு, கெளம்பு காத்து வரட்டும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் "கெளம்பு" என்பதைக் "கெளம்புங்க" என்று மாற்றினால் கோபம் பாதி குறைந்துவிடும். இங்கிலீஷில் அந்த வசதி இல்லை. மரியாதை வேண்டும் என்றால் வார்த்தையையே மாற்றியாக வேண்டும்.

1942-ல் இது ஒரு தேசத்தின் பிரச்சினையாகவே வந்தது. சாந்திகுமார் மொரார்ஜி சொன்னதாக ஒரு செய்தி உண்டு. பம்பாயில் காந்தி புதிய போராட்டத்துக்குக் கோஷம் தேடுகிறார். ஒருவர் "கெட் அவுட்" என்கிறார். மரியாதையாக இல்லை என்று காந்தி தள்ளிவிடுகிறார். நம்ம ராஜாஜி சொன்னது "ரிட்ரீட்" அல்லது "வித்ட்ரா". அதுவும் எடுபடவில்லை. கடைசியில் யூசுஃப் மெஹரலி கொடுத்த "குவிட் இந்தியா" நின்றது. 1928-ல் "சைமன் கோ பேக்" கோஷத்தைக் கொடுத்தவரும் இவர்தான். இதில் வேடிக்கை, அந்தப் போராட்டத்தையே ஏற்காமல் 1942-ல் காங்கிரஸைவிட்டு விலகியவர் ராஜாஜி.

"குவிட்" ஏன் பொருந்தியது? அது வசவு இல்லை, சட்டத்தில் புழங்கும் சொல். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் குடியிருப்பவருக்குக் கொடுப்பது "நோட்டீஸ் டு குவிட்". 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. இந்தியா வீட்டுக்காரர், நீங்கள் குடித்தனக்காரர், காலி பண்ணுங்கள்: எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

தமிழில் வந்தபோது அது "வெள்ளையனே வெளியேறு" ஆனது. மூலத்தில் இருந்த "இந்தியா" காணோம். இல்லாத "வெள்ளையன்" வந்துவிட்டான், அதுவும் -அன் விகுதியோடு. "வெளியேறு" என்பதில் "ங்கள்" இல்லை. காந்தி தள்ளிய "கெட் அவுட்" தமிழில் திரும்பி வந்துவிட்டது என்றே சொல்லலாம். தெருவில் கத்துவதற்கு இதுதான் சரி, வாய்க்கு மோனையோடு வருகிறது. ஆனால் 1942 ஆகஸ்ட் 8 அன்று காந்தி பேசியது வேறு: நம் சண்டை பிரிட்டிஷ் மக்களோடு இல்லை, ஏகாதிபத்தியத்தோடு.

ஆளா, ஆட்சிமுறையா என்ற இந்த வித்தியாசம் வெறும் இலக்கணம் இல்லை என்று கரியாலூரில் இருந்து பார்த்தால் புரியும். இந்தக் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. 1947-ல் வெள்ளைக்காரன் போய்விட்டான். இங்கே ஜாகிர் முறை முடிவுக்கு வந்தது 1976-ல்தான், 29 வருஷம் கழித்து. கோஷம் வேறாக இருந்திருந்தால் ஜாகிர் முன்னாடியே போயிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வெள்ளையனே என்று கூப்பிட்டால் ஜாகிர்தார் எதற்குத் திரும்பிப் பார்க்கப்போகிறார்?