ஊட்டி ரயிலும் இந்தோனேசிய போலீஸ்காரரும்

"அப்பா, யூடியூபர் ஆனால் மாசச் சம்பளம் எதுக்கு?" என்று கேட்காத பிள்ளை இப்போது எந்த வீட்டில் இருக்கிறது? புனேயில் எங்கள் வீட்டிலும் அதே பாட்டுதான். இந்தோனேசியாவின் கதையைக் கொஞ்சம் பார்ப்போமா? பேங்க்காரன் என்பதால் எனக்கு இரண்டே கேள்விகள். காசு யார் தருகிறார்கள்? எதைக் காட்டலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

1962 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதைக் காட்டத்தான் டி.வி.ஆர்.ஐ. என்ற அரசு டி.வி. தொடங்கியது. (நம் தூர்தர்ஷன் கலருக்கு மாறியதும் 1982 டெல்லி ஆசியப் போட்டியை ஒட்டித்தான்!) 1976ல் பலாபா செயற்கைக்கோள் தீவுகளை எல்லாம் இணைத்தது. 1981ல் சுகார்த்தோ அரசு டி.வி. விளம்பரங்களையே நிறுத்திவிட்டது. கிராமத்து ஜனங்களுக்கு வாங்க முடியாத பொருள்மேல் ஆசை வந்துவிடுமாம்.

1989ல் முதல் தனியார் சேனல் ஆர்.சி.டி.ஐ. வந்தது. பின்னால் இருந்தவர் யார் தெரியுமா? அதிபரின் மகன் பம்பாங். அப்புறம் சினெட்ரான் எனப்படும் மெகா சீரியல்களின் காலம். அதில் கொடிகட்டிப் பறந்த தயாரிப்பாளர் ராம் பஞ்சாபி, அங்கேயே பிறந்த சிந்தி வம்சாவளிக்காரர்.

இந்த வாசல்களைத் தாண்டி வந்தவர் இனுல் தாராதிஸ்தா. கிழக்கு ஜாவாவில் கல்யாண வீடுகளில் டங்டுட் பாடி ஆடியவர். திருட்டு வி.சி.டி.க்கள் வழியாக ஊர் ஊராகப் பரவி, 2003ல் நாடே அறிந்த நட்சத்திரமானார். டங்டுட் மன்னர் ரோமா இராமாவே எதிர்த்தும் ஜனங்கள் அவரைக் கைவிடவில்லை.

2011ல் கோரோந்தலோவில் நார்மன் கமாரு என்ற போலீஸ்காரர் யூனிபார்மோடு உட்கார்ந்து ஒரு பாட்டுக்கு வாயசைத்தார். வீடியோ யூடியூபில் பற்றிக்கொண்டது. என்ன பாட்டு? நம்ம ரஹ்மானின் 'சைய்ய சைய்யா'! ஊட்டி ரயில் மேல் ஆடினார்களே, தமிழில் 'தைய்யா தைய்யா', அதேதான். மேலிடம் முதலில் தண்டனை பற்றித்தான் பேசியது. ஜனங்கள் ஆதரவாகக் கிளம்பியதும் சுருதி மாறியது. டி.வி., மேடை என்று ஒரே கொண்டாட்டம். ஆனால் அந்த டிசம்பரிலேயே போலீஸ் வேலை போய்விட்டது. 2014ல் ஜகார்த்தாவில் கஞ்சிக் கடை நடத்திக்கொண்டிருந்தார். உழைத்துச் சாப்பிடுவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் பாட்டு ஓடிய வேகத்தில் வருமானம் ஓடவில்லை.

அட்டா ஹலிலிந்தார் போன்றவர்களும் உண்டு. 2019ல் அவருடைய சேனல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. அதற்காக வாசல்காரர் இல்லை என்று நினைக்காதீர்கள். 2018 ஜூலையில் அரசு சில நாள் டிக்டாக்கையே முடக்கியது. எந்த வீடியோ மேலே வரும், அதற்கு எத்தனை காசு என்பதெல்லாம் கம்பெனியின் கையில். 1962ல் வாசல்காரர் யார் என்றாவது தெரிந்தது.

பையனிடம் இதைத்தான் சொன்னேன். சேனல் தொடங்கு, தடுக்கவில்லை. டிகிரியை மட்டும் முடித்துவிடு. உங்கள் வீட்டில் என்ன சொல்கிறீர்கள்? பின்னூட்டத்தில் எழுதுங்களேன்.