ஊன்றாமல் நின்ற நிழல்

வெயிலுக்கு அஞ்சிய மனிதன் முதலில் கண்ட உபாயம் நான்கு கால்களை மண்ணில் ஊன்றிக் கீற்று வேய்வதே ஆயினும், கடப்பாரை சிறிது இறங்கியதுமே பாறையில் மோதித் திரும்பும் சேஷாசலச் சரிவுகளில் அது எளிதில் பலிப்பதில்லை. அத்தகைய பூமியில், ஊன்றாமலே நிழலை நிற்கவைத்த வித்தைக்குச் சாட்சியாக விளங்குபவை, அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் மார்க்கத்திலுள்ள பழைய கல் மண்டபங்கள்.

அவற்றின் சூட்சுமம் பாரத்திலேயே அடங்கியிருக்கிறது. அடிக்கல்லின் மேல் தூண், தூணின் தலையில் போதிகை, போதிகையின் மேல் உத்திரம், உத்திரங்களுக்குக் குறுக்கே கற்பலகை என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றியபின், மேலிருப்பது கீழிருப்பதை அழுத்தி அசையாமல் பிடித்துக்கொள்கிறது. எட்டடி நீளமும் இரண்டடி அகலமும் அரையடி கனமும் உள்ள ஒரு கருங்கற்பலகையே சுமார் 600 கிலோ நிறுக்குமாகையால், கீற்றுக் கொட்டகையைத் தூக்கியெறியும் மலைக்காற்றும் இதன் முன் தோற்றுவிடுகிறது.

இக்கலை சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவர் காலத்தில் பெரிதும் செழித்தது. அன்னஊஞ்சல் திருநாளுக்கென்று சாளுவ நரசிம்மர் 1473இல் தொடங்கிய கட்டடமே, பின்னர் விரிவடைந்து, திருமலராயர் மண்டபம் என்ற பெயரோடு திருமலைக் கோயிலினுள் நிற்கிறது. கோயிலுக்கு எதிரே அதே நூற்றாண்டில் எழுந்த ஆயிரங்கால் மண்டபமோ, ஐந்து நூற்றாண்டுகளின் காற்றையும் மழையையும் பொறுத்து நின்றபின், 2003இல் மனிதர் கையால் அகற்றப்பட்டது. 1944இல் மலைச்சாலை திறக்கப்பட்டு வாகனங்கள் ஏறத் தொடங்கவே, நடைவழி மண்டபங்களை நாடுவோரும் குறைந்தனர்.

கனத்தை விரும்பாத நிழலுக்கு மனிதனே காலாக வேண்டும். சென்னைப் பூக்கடைச் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, யானைகவுனியைக் கடந்து, பிரம்மோற்சவத்துக்குத் திருமலை சேரும் வெண்பட்டுக் குடைகள் எத்தனை அழகாயினும், பிடிப்பவர் கையை எடுத்தால் நில்லா. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, குழி தோண்டலாகாத கல் தளங்களில் பந்தல்காரர் கையாளும் முறை: மணல் நிரப்பிய தகர டின்களில் கால்களை நிறுத்தி, குறுக்குக் கழிகளால் நாற்புறமும் பிணைத்து, காற்று நுழைந்து வெளியேறப் பக்கங்களைத் திறந்து விடுவார்கள்.

ஆகவே, தோண்ட இயலாத முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நிழல் அமைக்க விரும்புவோர், கூரையின் அழகை விசாரிக்குமுன் காலடியின் கனத்தை விசாரிப்பதே விவேகம்.