ரூபாய்க்குப் பத்துப் பைசா

உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதைக் கடைசியாக எப்போது முழுசாகப் படித்தீர்கள்?

படித்திருக்க மாட்டீர்கள். மொத்தம் எவ்வளவு, கடைசித் தேதி என்ன, இந்த இரண்டைத் தவிர அதில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. அடுத்த முறை கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ‘நூலக வரி’ என்று ஒன்று இருக்கும். வரிக்குள் ஒரு வரி.

சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. அரையாண்டு வரி 2,000 ரூபாய் என்றால், அதற்கு மேல் 200 ரூபாய் நூலகத்துக்கு. ‘எனக்கேது சொந்த வீடு, நான் வாடகைக்கு இருக்கிறேன்’ என்கிறீர்களா? வீட்டுக்காரர் மட்டும் என்ன, கைக்காசைப் போட்டா கட்டுகிறார்? வாடகையை நிர்ணயிக்கும்போதே அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பார். ஆக, நீங்களும் கட்டுகிறீர்கள்.

தெருமுனைக் கிளை நூலகத்தை நாம் என்னவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்? ஏதோ அரசாங்கம் பெரிய மனசு பண்ணித் திறந்து வைத்த தர்ம சத்திரம் மாதிரி. மின்விசிறி ஓடாவிட்டால் ‘சும்மா கொடுப்பது இப்படித்தான் இருக்கும்’ என்று நகர்ந்துவிடுகிறோம். சும்மா இல்லை சார். அது நம் காசு. அந்தக் காசை நம்மிடம் இருந்து வாங்குவதற்கே கிட்டத்தட்ட நூறு வருஷம் போராட வேண்டியிருந்தது. வரியை எதிர்த்து நடந்த போராட்டங்கள் சரித்திரத்தில் ஏராளம். ‘வரி போடுங்கள்’ என்று நடந்த போராட்டம் இது.

கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. 1850. வில்லியம் எவார்ட் என்கிற எம்.பி. ஒரு மசோதா கொண்டுவந்தார். ஊர் மக்களின் வரிப்பணத்தில் ஊருக்கு ஒரு நூலகம். அவ்வளவுதான் விஷயம். பாராளுமன்றத்தில் ரகளை. தொழிலாளிகள் கூடிப் படித்தால் கிளர்ச்சிதான் வளரும் என்று ஒரு கட்சி. யாரோ படிப்பதற்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்று இன்னொரு கட்சி. கர்னல் சிப்தார்ப் என்றொரு உறுப்பினர் ஒரு படி மேலே போனார். தனக்குப் படிப்பதே பிடிக்காது, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதே அறவே பிடிக்காது என்று சபையிலேயே சொன்னார். நேர்மையான மனிதர்!

மசோதா பிழைத்தது. ஆனால் கை காலைக் கட்டித்தான் வெளியே விட்டார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கும் ஊராக இருக்க வேண்டும். வரி கட்டுகிறவர்களிடம் ஓட்டெடுத்து மூன்றில் இரண்டு பங்கு சம்மதம் வாங்க வேண்டும். வரியோ பவுனுக்கு அரைப் பென்னிதான். அன்றைக்கு ஒரு பவுனுக்கு 240 பென்னி. இதெல்லாம் போகட்டும். அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், மேஜை நாற்காலி வாங்கலாம், ஆளுக்குச் சம்பளம் போடலாம். புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது! யாராவது புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்தால்தான் உண்டு.

1855-ல்தான் புத்தி வந்தது. அரைப் பென்னி ஒரு பென்னி ஆனது. புத்தகமும் வாங்கலாம் என்றார்கள். பிரிட்டன் முழுக்க நூலகங்கள் முளைத்ததற்கு விதை, அந்த ஒரு பென்னி.

அவர்கள் ஆண்டுகொண்டிருந்த நம் ஊரில்?

1861-வாக்கில் இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரி நூலகத்தில் மிஞ்சிய புத்தகங்கள் மெட்ராசுக்குக் கப்பலேறி வந்தன. எழும்பூர் மியூசியத்தில் ஒரு ஓரமாக அடுக்கி வைத்தார்கள். அந்தச் சின்ன நூலகத்தின் வாரிசுதான் கன்னிமாரா. 1890-ல் அடிக்கல் நாட்டிய கவர்னர் கன்னிமாராவின் பெயரையே தாங்கி, 1896 டிசம்பர் 5-ம் தேதி திறந்தது. அழகான கட்டடம், அருமையான நூலகம். ஆனால் அது இருந்தது மெட்ராசில். மன்னார்குடிக்காரர் படிக்க வேண்டும் என்றால் ரயிலேறி வர வேண்டும்.

மன்னார்குடியை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். 1931-ல் அந்த ஊருக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்கிற பொறியாளர் ஒரு காரியம் செய்தார். மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி, சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். நடமாடும் நூலகம்! அதேபோல பரோடாவில் மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட். அமெரிக்காவில் இருந்து போர்டன் என்கிற நிபுணரை 1910-ல் வரவழைத்து, சமஸ்தானம் முழுக்க நூலக வலையையே பின்ன வைத்தார். ஊர்க்காரர்கள் கொஞ்சம் திரட்டினால் அரசாங்கமும் பங்கு போடும் என்பது அங்கே ஏற்பாடு.

இரண்டுமே கும்பிட்டுப் போற்ற வேண்டிய காரியங்கள். ஆனால் இரண்டிலும் ஒரு சிக்கல். பிள்ளைக்கு மனசு இருக்கிறவரை வண்டி ஓடும். மகாராஜாவுக்கு மனசு இருக்கிறவரை கஜானா திறக்கும். அதற்கப்புறம்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர். பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமித்தார்கள். ஒரே வாரத்தில் மனிதருக்கு அலுத்துவிட்டது. ஈ ஓட்டுகிற வேலை, பழைய வேலையே மேல் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடு என்று அனுப்பி வைத்தார்கள்.

அங்கேதான் கண் திறந்தது. நூலகவியல் பாடத்தைவிட அவரை அசத்தியது ஊர் நூலகங்கள். குழந்தைகள் வருகிறார்கள், கடைக்காரர் வருகிறார், தொழிலாளி வருகிறார். கேட்டதை எடுத்துக் கொடுக்கிறார்கள். எல்லாம் அந்த ஒரு பென்னியின் மகிமை. ஊர் திரும்பியவர், 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகள் வந்தன. உலகமே கொண்டாடுகிற விதிகள். ஆனால் விதி எழுதினால் நூலகம் வந்துவிடுமா? நிதி வேண்டாமா?

1930 டிசம்பரில் காசியில் ஆசியக் கல்வி மாநாடு நடந்தது. அங்கே ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை எழுதிக்கொண்டு போய் வைத்தார் ரங்கநாதன். அதன் உயிர் எங்கே இருந்தது தெரியுமா? ஒரு விகுதியில். நூலகம் ‘அமைக்கலாம்’ என்றால் யாரும் அமைக்க மாட்டார்கள். ‘அமைக்க வேண்டும்’ என்று இருக்க வேண்டும். வரி ‘விதிக்கலாம்’ அல்ல, ‘விதிக்க வேண்டும்’. அரசு பணம் ‘தரலாம்’ அல்ல, ‘தர வேண்டும்’.

இந்த ‘லாம்’ ‘வேண்டும்’ ஆவதற்குப் பதினெட்டு வருஷம் பிடித்தது. வங்காளத்தில் முயன்றார்கள். கட்டாயம் என்கிற பிரிவுகளுக்கு வெள்ளைக்கார அரசு ஒப்பவில்லை. சென்னையில் 1933-ல் பஷீர் அகமது சயீது மசோதா கொண்டுவந்தார். அதுவும் கரை சேரவில்லை.

கடைசியில் சுதந்திரம் வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சி. கல்வி அமைச்சர் அவிநாசிலிங்கம் செட்டியார். 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படியொரு சட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது நாம்தான். 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அன்றைக்கே கன்னிமாரா, மாநில மைய நூலகம் ஆனது.

சட்டத்தில் என்ன இருந்தது? சென்னை நகரத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று நூலக ஆணைக்குழுக்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு பை நூலக வரி. இன்றைய பைசா இல்லை. 192 பை ஒரு ரூபாயாக இருந்த காலத்துப் பழைய ‘பை’. அதாவது அரையணா. அங்கே அரைப் பென்னி, இங்கே அரையணா! பிறகு தசம நாணயம் வந்து அது மூன்று பைசா ஆகி, ஐந்தாகி, இப்போது பத்தில் நிற்கிறது. அடுத்த பிரிவு இன்னும் முக்கியம். சென்னை நகரம் நீங்கலாக, ஒவ்வொரு மாவட்டத்திலும் எவ்வளவு நூலக வரி வசூலாகிறதோ, அதற்குக் குறையாத தொகையை அரசும் வருஷாவருஷம் போட வேண்டும். கவனியுங்கள், ‘போட வேண்டும்’.

இதன் அழகு புரிகிறதா? நிதியமைச்சரிடம் கையேந்தி நிற்க வேண்டாம். ஆட்சி மாறினாலும் வரி மாறாது. ஊர் வளர்ந்தால், வீடு பெருகினால், நூலகத்தின் வருமானமும் தானாகவே பெருகும். ஆந்திரா, கர்நாடகா, கேரளா எல்லாம் பின்னால் இதே வழிக்கு வந்தன. மகாராஷ்டிரமும் மேற்கு வங்காளமும் சட்டம் போட்டன, ஆனால் நூலக வரி போடவில்லை. அங்கே பட்ஜெட்டில் ஒதுக்கினால்தான் உண்டு.

1950-களில் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறையோடு சேர்த்து நூலகத்துறையையும் கவனித்தார். கிளை நூலகங்கள் மளமளவென்று பெருகின. 1972-ல் நூலகத்துக்கென்று தனித்துறையே வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் சுமார் 4,600 பொது நூலகங்கள். அஸ்திவாரம் அந்த அரையணா.

சரி, இவ்வளவு பணம் வருகிறதே, பிறகு ஏன் கிளை நூலகத்தில் ஓடு ஒழுகுகிறது?

இங்கேதான் நாம் கவனிக்காமல் விட்ட இடம். வரி நூலகத்துக்கு. ஆனால் வசூலிப்பது நூலகம் இல்லை. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி. அவர்கள் சொத்து வரியோடு சேர்த்து வாங்கி, ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வாங்கும் வேலை ஒழுங்காக நடக்கிறது. ஒப்படைக்கும் வேலை? பல உள்ளாட்சி அமைப்புகள் கோடிக்கணக்கில் நிலுவை வைத்ததும், விவகாரம் நீதிமன்றம் வரை போனதும் ஊரறிந்த செய்தி. தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் திண்டாடும்போது, கைவசம் இருக்கும் நூலகப் பணத்தைத் தொடத் தோன்றும். புரிகிறது. ஆனால் பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித்தரும் பாடம் இது. அடுத்தவருக்காக வசூலித்த பணம் வருமானம் ஆகாது. அது கடன். தொழிலாளியிடம் பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் முதலாளி மேல் வழக்கு வருகிறது. வாசகனிடம் பிடித்த காசுக்கு?

அந்தக் காசு வராவிட்டால் முதலில் அடிபடுவது புத்தகம். நூலக ஆணையை நம்பித்தான் தமிழில் பாதிப் பதிப்பகங்கள் மூச்சு விடுகின்றன. ஆணை தள்ளிப்போகும் வருஷங்களில் அச்சகம், பைண்டிங், எழுத்தாளருக்கான ராயல்டி என்று எல்லாமே தள்ளிப்போகும். இன்னொன்று, கொல்கத்தாவில் 1972-ல் தொடங்கிய ராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை வழியாக மத்திய அரசின் உதவி வருகிறது. அதில் ஒரு பகுதி, மாநிலமும் தன் பங்கைப் போட்டால்தான் கிடைக்கும். இங்கே ஒரு ரூபாய் முடங்கினால் அங்கே வர வேண்டியதும் முடங்கும்.

அரையணாச் சட்டத்திலேயே ஒரு ஓட்டையும் உண்டு. பெரிய கட்டடங்கள் நிறைந்த நகரத்தில் வரி கொட்டும். ஓட்டு வீடும் குடிசையும் நிறைந்த மாவட்டத்தில் சொட்டும். யாருக்கு நூலகம் அதிகம் தேவையோ, அவருக்குக் காசு குறைவு. இதைச் சரிக்கட்டத்தான் அரசின் பங்கு. 2006-ல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 12,618 ஊராட்சிகளிலும் நூலகம் என்று நல்ல எண்ணத்தோடு கிளம்பியது. கட்டினார்கள், புத்தகம் அடுக்கினார்கள். பிறகு பல ஊர்களில் பூட்டுத் தொங்கியது. கட்டுவதற்குப் பணம் ஒதுக்கினால் போதாது, தினமும் திறப்பதற்கும் ஒதுக்க வேண்டும்.

பெரிய நூலகம் மட்டும் தப்பியதா? கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தது. அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. 2011 நவம்பரில், நூலகத்தை இடம் மாற்றி, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வாசகர்கள் கொதித்தார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் தப்பியது. மீண்டும் ஆட்சி மாறி, 2023 ஜூலை 15-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. அங்கே கூட்டம் அலைமோதியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தமிழன் படிப்பதில்லை என்பது சுத்தப் பொய்.

பெரிய நூலகங்கள் வரட்டும், சந்தோஷம். ஆனால் ஓர் அரசின் மனசால் வந்தது, இன்னோர் அரசின் மனசால் ஆட்டம் காணும். மேலவாசல் மாட்டு வண்டிக்கும் பரோடா கஜானாவுக்கும் இருந்த அதே சிக்கல். ரங்கநாதன் பயந்தது இதற்குத்தான். அதனால்தான் மனசை நம்பாமல் சட்டத்தை நம்பினார். பின்னாளில் தன் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியலுக்காக மனைவி சாரதாவின் பெயரும் சேர்த்து எழுதிவைத்தவர் அவர். தனக்குத் தர்மம் செய்யத் தெரியும். ஆனால் ஊர் நூலகம் தர்மத்தில் நடக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

ஆகவே, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஊர் நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ ஒரு மனு. இரண்டே கேள்வி. சென்ற ஆண்டு நூலக வரி எவ்வளவு வசூலித்தீர்கள்? அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குக் கட்டினீர்கள்? தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேர்ந்து கேளுங்கள்.

நம் நூலகங்களில் ‘புரவலர்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் நீங்கள் புரவலர். நல்ல விஷயம்தான், கொடுங்கள். ஆனால், அரையாண்டுக்கு ஒருமுறை தவறாமல் கொடுத்துக்கொண்டு, கொடுப்பதே தெரியாமல் இருக்கும் லட்சக்கணக்கான புரவலர்களை எந்தப் பலகையிலும் எழுத முடியாது. கணக்குக் கேட்கும் உரிமை மட்டும் அவர்களுக்குத்தான் முதலில்.