விளையாட அனுமதிக்கப்படாத வானொலி

சி.பி. என்று சுருக்கமாக வழங்கும் சிட்டிசன்ஸ் பேண்ட் வானொலியை அமெரிக்க லாரிக்காரர்களின் சொத்தாகவே நம்மில் பலர் ஆங்கிலப் படங்களின் வாயிலாக அறிந்திருக்கிறோம். ஆயினும் அது லாரிக்காரர்களுக்கென்று பிறந்ததும் அன்று, பொழுதுபோக்குக்கென்று பிறந்ததும் அன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945-இல், சாமானியப் பிரஜையும் தன் சொந்தக் காரியங்களுக்கு வானொலியில் பேசிக்கொள்ளலாம் என்று அந்நாட்டு ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் தீர்மானித்து, 460 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓர் இடம் ஒதுக்கிற்று. வாக்கி டாக்கியின் முன்னோடிகளுள் ஒருவரான ஆல் கிராஸ் அதற்கான கருவிகளைச் செய்ய ஒரு கம்பெனியே தொடங்கினார். எனினும் அத்தனை உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் கருவியை அக்காலத்து வால்வுகளைக் கொண்டு மலிவாகச் செய்வது எளிதாக இல்லை.

ஆகவே 1958-இல் கமிஷன், அதுவரை ஹாம் வானொலிக்காரர்கள் வசமிருந்த பதினொரு மீட்டர் அலைவரிசையை, அதாவது 27 மெகாஹெர்ட்ஸ் பகுதியை, பறித்துப் பொதுஜனங்களிடம் கொடுத்தது. மோர்ஸ் சங்கேதம் கற்றுப் பரீட்சை எழுதித் தேறியவர்களுடைய இடம், பரீட்சையே எழுதாதவர்களுக்குப் போயிற்று என்றால் அவர்கள் மனம் புண்பட்டதில் வியப்பில்லை.

விசித்திரம் என்னவெனில், இப்படிக் கொடுக்கப்பட்ட 23 சானல்களில் பொழுதுபோக்காகப் பேசுவதைச் சட்டமே தடுத்திருந்தது. விவசாயி வயலிலிருந்து வீட்டை அழைக்கலாம்; குழாய் பழுது பார்ப்பவர் தம் கடையோடு பேசலாம்; முகமறியாத ஒருவரை வெறும் ஆவலால் கூப்பிட்டுக் குசலம் விசாரிப்பதோ குற்றம். ஒரு பொழுதுபோக்கை வளர்க்க வேண்டுமாயின் அதைத் தடை செய்தாலே போதும் போலும்! அரசாங்கம் தந்த அழைப்பெழுத்தைச் சொன்னால் அகப்பட்டுக்கொள்வோம் என்று அஞ்சிய பலர் புனைபெயர் சூட்டிக்கொண்டு பேசலாயினர். 'ஹேண்டில்' என்று வழங்கிய அப்பெயர்கள் நாளடைவில் அச்சம் நீங்கி அலங்காரமாயின; 1976-இல் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டே 'ஃபர்ஸ்ட் மாமா' என்ற பெயரில் பேசினார். (மாமா என்பது அவர்கள் வழக்கில் அம்மாவைக் குறிக்கும்.)

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், மறு ஜனவரியில் மணிக்கு 55 மைலுக்கு மேல் எங்கும் ஓட்டலாகாது என்று சட்டம் வந்ததும் லாரிக்காரர்களைச் சி.பி.யின்பால் துரத்தின. ஓடிய மைலுக்குக் கூலி வாங்கியவர்களுக்கு, டீசல் எங்கே கிடைக்கும், போலீஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்னும் இரண்டு செய்திகளே அன்றாடச் சோறாக இருந்தன. நெடுஞ்சாலைப் போலீஸாரின் தொப்பி, காட்டுத்தீ எச்சரிக்கைப் படங்களில் வரும் ஸ்மோக்கி என்னும் கரடியின் தொப்பியை ஒத்திருந்தமையால் அவர்கள் 'ஸ்மோக்கி' ஆனார்கள். ஹெலிகாப்டரில் வந்தால் ஆகாயக் கரடி. சானல் 19 லாரிக்காரர்களின் சந்தியாக, சானல் 9 மட்டும் ஆபத்துக்கென ஒதுங்கி நின்றது. எழுபதுகளின் நடுவில் கமிஷனும் தன் தடையைத் தளர்த்திற்று. 1977 முதல் சானல்கள் 40 ஆயின. 1983-இல் லைசென்ஸே வேண்டாம் என்றாயிற்று.

அக்காலத்தில் புதிதாகப் பெட்டி வாங்கியவன் முதலில் கற்றது பேச்சை அன்று, ஏரியலைத்தான். நான்கே வாட் சக்தியில் பேசுகிறவனுக்கு ஏரியல்தானே தொண்டை! அலை நீளத்தில் காற்பங்கு, ஏறக்குறைய ஒன்பது அடிக் கம்பி, காரின் பின்புறத்தில் ஆடிக்கொண்டே வரும்; அதைச் சகியாதவர்கள் அடியில் சுருள் கோத்த குட்டைக் கம்பியை நட்டு, அனுப்பிய சக்தி திரும்பி வந்து பெட்டியைச் சுட்டுவிடாதபடி மீட்டரைப் பார்த்துப் பார்த்து அதன் நீளத்தைச் சரிசெய்வார்கள். பின்னர் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் அடங்கும் மட்டும் திருகிவிட்டுச் சிறிது நேரம் பிறர் பேச்சைக் கேட்டிருந்து, இடைவெளி கண்டதும் மைக்கின் பொத்தானை அழுத்தி, தன் குரல் எவருக்கேனும் எட்டுகிறதா என்று கேட்பான்.

சாதாரணமாக அக்குரல் சில மைல்களே எட்டும். ஆனால் சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், மேல்வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள எவனோ ஒருவனின் பெட்டியில் போய் ஒலிக்கும். அவனுக்குப் பதில் சொல்வதோ, 150 மைல் எல்லையை மீறிய குற்றமாகக் கருதப்பட்டது. அந்த எல்லையைக் கமிஷன் நீக்கியது 2017-இல். அதற்குள் லாரிக்காரர்களில் பலர் கைப்பேசிக்கு மாறிவிட்டிருந்தார்கள்.